சிவப்புத் துணி கட்டிய சக்கரம்

அண்ணி யாரையும் முதலில் முகத்தைப் பார்க்க மாட்டார். தோளைத்தான் பார்ப்பார். எங்கள் வீட்டுக்கு மருமகளாக வந்த புதிதில் அவர் என்னிடம் பேசிய முதல் பேச்சே, "தம்பி, உங்களுக்கு ஒரு தோள் கொஞ்சம் இறக்கம்" என்பதுதான். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பிறந்ததிலிருந்து என்னோடேயே இருக்கிற தோள், அது இறங்கியிருப்பது எனக்கே தெரியாது. ஓடிப்போய்க் கண்ணாடியில் பார்த்தால் இறங்கித்தான் இருந்தது. அன்றிலிருந்து எனக்கு அவர் தைத்த சட்டைகளில் மட்டும் ஒரு பக்கம் மெல்லிய பஞ்சுப் பட்டை வைத்திருப்பார். அவருடைய சட்டையைப் போட்டால் நான் நேரான மனிதன், கழற்றினால் பழைய கோணல்.

தெருவில் அவர் டெய்லரம்மா. முன்னறையில் இரண்டு தையல் மிஷின், ஒரு வெட்டு மேஜை, ஆளுயரக் கண்ணாடி. சட்டை, கோட்டு, பள்ளிக்கூடச் சீருடை என்று எது வந்தாலும் அளவெடுப்பது அண்ணிதான். அவருடைய அகராதியில் இடது என்றால் உடுத்துகிறவரின் இடது. எதிரில் நிற்பவரைப் பார்த்து, தன் இடது கைப்பக்கம் இருப்பதை யோசிக்காமல் "வலது" என்பார். அப்படியே பழகி, ஆளானாலும் அலமாரியானாலும் எதிரே நின்றால் அதன் பக்கமிருந்துதான் இடது வலது சொல்லுவார். நான் வேன் டிரைவர். சந்துக்குள் பள்ளிக்கூட வேனைப் பின்னால் எடுக்கும்போது பெற்ற தகப்பன் வந்து வழி காட்டினாலும் நம்ப மாட்டேன். அண்ணி குரல் கொடுத்தால் கண்ணை மூடிக்கொண்டு எடுப்பேன்.

அண்ணனுக்கு வேலை புல். தீவனப்புல் வளர்த்து, அறுத்து, வெயிலில் காயப்போட்டு, கட்டுக் கட்டி மாட்டுப்பண்ணைகளுக்குக் கொடுப்பான். அறுக்க மிஷின் இருந்தது, டிராக்டர் இருந்தது. காய்ந்த புல்லை வாரி வரிசையாக ஒதுக்குவதற்குத்தான் ஆள் கிடைக்காது. கிடைக்கிற ஆளும் மழை வருகிற அன்று வரமாட்டான். புல் வயலிலேயே கறுத்துப்போய்க் கிடக்கும். அண்ணன் வாயைத் திறந்து யாரையும் திட்ட மாட்டான். அவன் சார்பில் நான்தான் திட்டிக்கொண்டிருப்பேன்.

ஒருநாள் மூடிக்கிடந்த ஒரு பண்ணையின் காவல்காரருக்குக் கோட்டு கொடுக்கப் போன அண்ணி, திரும்பி வரும்போது ஒரு லாரியின் முன் சீட்டில் உட்கார்ந்து வந்தார். லாரியில் ஒரு பழைய புல்வாரி. புதருக்குள் கிடந்ததாம், எடுத்துக்கொண்டு போங்கள் என்றார்களாம். டிராக்டருக்குப் பின்னால் மாட்டி இழுக்கிற சாதனம். இரண்டு பக்கமும் பெரிய இரும்புச் சக்கரம், நடுவில் கூடை போன்ற நீள உருளை, அதில் வரிசை வரிசையாக வளைந்த கம்பிப் பற்கள். துரு உதிர்ந்து தெருவெல்லாம் சிவப்பாகிக் கொண்டிருந்தது.

"அண்ணி, இதை வச்சு என்ன பண்றது? தூக்கிப் போடறதுக்கே நாலு ஆள் வேணும்."

"எலும்பு நல்லா இருக்கு தம்பி. மேல்தான் போயிருக்கு" என்றார், கிழிந்த கோட்டைப் பார்த்துச் சொல்கிற மாதிரி.

கொட்டகையில் அதை இறக்கி, டிராக்டரில் மாட்டுகிற முன்தண்டைச் சுவர்ப்பக்கமாகவும் பற்கள் இருக்கும் பின்பக்கத்தை வாசலைப் பார்த்தும் நிறுத்தினோம். வெளிச்சம் வாசலிலிருந்து வந்ததால் அண்ணி வாசல்பக்கம் ஒரு ஸ்டூலைப் போட்டுக்கொண்டு, பற்களுக்கு எதிரே உட்கார்ந்தார். தையல் வேலை முடிந்த நேரமெல்லாம் அங்கேதான். அண்ணன் நட்டுகளுக்கு டீசல் ஊற்றி ஊறவைத்துக் கழற்றுவான். அண்ணி பற்களை நிமிர்த்துவார். கொல்லரே செய்யாத ஒன்றை அவர் செய்தார். வளையாத ஒரு பல்லைத் தேடிப் பிடித்து, அதன் வளைவை அட்டையில் வரைந்து வெட்டி, அந்த அட்டையை ஒவ்வொரு பல்லிலும் வைத்துப் பார்த்து, பொருந்தும்வரை தட்டினார். சட்டைக் காலருக்கு அட்டை வெட்டுகிற அதே கணக்கு. பல் முனை தரையைத் தொடக்கூடாது, தொட்டால் மண்ணை வாரும். ரொம்ப ஏறினால் புல் தங்கிவிடும். அந்த உயரத்தைப் பாவாடைக்குக் கீழ்மடிப்பு பார்க்கிற மாதிரி குனிந்து குனிந்து பார்த்து, "இந்தக் கோடி ஒரு நூல் ஏறுது" என்று அண்ணனின் உயிரை வாங்கினார். வாரியோடு பேசவும் செய்தார். "நேரா நில்லு", "அசையாத" என்று அதட்டல் வேறு. நான் பார்த்துச் சிரித்தேன். சிரித்த வாய் பிறகு எப்படி உலர்ந்தது என்பதைத்தான் சொல்லப் போகிறேன்.

அந்தச் சக்கரங்களைப் பற்றிச் சொல்லவேண்டும். வாரிக்கு மோட்டார் கிடையாது. சக்கரம் உருண்டால்தான் கூடை சுற்றும். ஒவ்வொரு சக்கரத்தின் நடுவிலிருக்கும் குடத்துக்குள்ளும் ஒரு இரும்பு நாக்கு இருக்கிறது. முன்னால் போகும்போது அது உள்ளிருக்கும் பல்சக்கரத்தில் மாட்டிக்கொண்டு கூடையைச் சுற்றவைக்கும். பின்னால் போகும்போது டிக் டிக் என்று வழுக்கிவிடும், கூடை அசையாது. அதனால் வாரியைப் பின்னால் தள்ளும்போது அதில் கை வைக்கலாம் என்பது புல் வேலை செய்கிறவர்கள் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். சுற்றலை நிறுத்தத் தனியாக ஒரு பிடியும் உண்டு. எங்கள் வாரியில் அது துருவேறி அசையவே இல்லை. "பின்னாலதானே உருட்டப்போறோம், சுத்தாது. அதை அப்புறம் பாத்துக்கலாம்" என்றான் அண்ணன்.

சக்கரங்களைக் கழற்றி, கழுவி, கிரீஸ் வைத்தோம். கழற்றும்போதே அண்ணி ஒரு சக்கரத்தில் சிவப்புத் துணிக் கிழிசல் ஒன்றைக் கட்டிவிட்டார், மாறிவிடக் கூடாதே என்று. திரும்ப மாட்டுகிற அன்று நான் ஜாக்கியைப் பிடித்திருந்தேன். அண்ணன் அந்தச் சக்கரத்தை நிமிர்த்தி நிறுத்திக்கொண்டு கேட்டான்.

"சிவப்பு எந்தப் பக்கம்?"

"இடது" என்றார் அண்ணி, தலையைத் தூக்காமலே.

அண்ணன் போய் இடது பக்கம் மாட்டினான். குடத்துக்குள் நாக்கு எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று குனிந்துகூடப் பார்க்கவில்லை. அண்ணி சொன்னால் அவனுக்கு அப்புறம் பார்ப்பதற்கு ஒன்றும் கிடையாது.

கொட்டகைத் தரை வாசலை நோக்கிச் சரிவு. வாரியைப் பின்பக்கமாக உருட்டி முற்றத்துச் சமதளத்தில் நிறுத்தி, கடைசியாக ஒருமுறை உயரம் பார்க்க வேண்டும். நானும் அண்ணனும் முன்தண்டைப் பிடித்துத் தள்ளினோம். சரிவு கண்டதும் அது தானாகவே உருள ஆரம்பித்தது. பக்கவாட்டில் நடந்து வந்த அண்ணி, தன் அட்டை பற்களுக்கு நடுவே மாட்டியிருப்பதைப் பார்த்தார். அதை எடுக்கக் கையை நீட்டினார்.

கூடை சுற்றியது.

பின்னால் போகிற வாரியில் கூடை சுற்றுவதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. கண் பார்த்தது, புத்தி ஏற்கவில்லை. அண்ணன் தண்டைப் பிடித்து அப்படியே தொங்கினான், நிறுத்துவதற்கு. நின்றது. அண்ணி கத்தவில்லை. கத்தியது நான். பற்களுக்கும் தடுப்புக் கம்பிக்கும் நடுவே அவருடைய வலது கை இருந்தது. கூடையை எதிர்ப்பக்கம் சுற்றி எடுத்தோம். எப்படி எடுத்தோம் என்று என்னைக் கேட்காதீர்கள்.

வேனை நான் ஓட்டினேன். பின் சீட்டில் அண்ணன் அந்தக் கையைத் துணி சுற்றி நெஞ்சோடு பிடித்திருந்தான். பாதி வழியில் அண்ணியின் குரல் கேட்டது, அளவு சொல்கிற மாதிரி தெளிவாக.

"பின்னால போனா சுத்தாதுன்னீங்களே?"

"நான் சக்கரத்தை மாத்தி மாட்டிட்டேன்" என்றான் அண்ணன். "நீ இடதுன்னு சரியாத்தான் சொன்ன. நான்தான் வலதுல மாட்டிட்டேன்."

என் கால் தானாக பிரேக்கை மிதித்துவிட்டது. அவன் இடதில் மாட்டியதை ஜாக்கியைப் பிடித்துக்கொண்டு என் இரண்டு கண்ணாலும் பார்த்தவன் நான். கண்ணாடி வழியே அண்ணனைப் பார்த்தேன். வாயை மூடிக்கொண்டு ஓட்டு என்று அவன் கண் சொன்னது.

சுட்டுவிரலும் நடுவிரலும் போய்விட்டன. ஆஸ்பத்திரி வராந்தாவில் அண்ணன் என்னைச் சுவரோரம் தள்ளிக்கொண்டு போனான்.

"அவ உக்காந்திருந்தது வாரிக்குப் பின்னால. இத்தனை நாளும் அதை எதிர நிக்கிற ஆளாத்தான் பாத்திருக்கா. அவ சொன்ன இடது, அவளுக்கு எதிர நிக்கிற ஆளோட இடது. நமக்கு டிராக்டர் மாட்டுற பக்கம்தான் முன்பக்கம். ரெண்டும் நேர் எதிரா இருக்கு. அதான் சக்கரம் மாறிப்போய், பின்னால போறப்ப கூடை சுத்திருச்சு."

"அப்ப அண்ணிதானே..."

"வாயைத் திறந்த, அவ்வளவுதான்" என்றான். அண்ணன் என்னை மிரட்டியது பிறந்ததிலிருந்து அதுதான் முதல் தடவை. "டேய், ரெண்டு விரல் இல்லேன்னாலும் அவ தச்சுருவா. பல்லால ஊசியைப் பிடிச்சாவது தச்சுருவா. ஆனா தன் கண்ணு தப்பாப் பாத்துச்சுன்னு தெரிஞ்சா, அதுக்கப்புறம் அவ ஒரு துணியையும் வெட்ட மாட்டா. அது தெரியவே கூடாது."

நான் வாயை மூடிக்கொண்டேன். மூடிக்கொண்டு, அவன் வாங்கிக் கட்டிக்கொண்டதை எல்லாம் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

அண்ணியின் அம்மா செய்தி கேட்டு வந்து இறங்கினார். இறங்கிய வேகத்திலேயே ஆரம்பித்துவிட்டார். "சோறு போட்ட கையைத் தின்னுட்டானே! கண்ணு எங்க போச்சு இவனுக்கு? இடது எது வலது எதுன்னு தெரியாதவனுக்கா என் பொண்ணைக் கட்டிக் குடுத்தேன்?" ஆஸ்பத்திரியிலும் அதுதான், வீட்டிலும் அதுதான், தெருவில் பால் வாங்கப் போன இடத்திலும் அதுதான். ஊரே அண்ணனை ஒரு மாதிரி பார்த்தது. அவன் தலையைக் குனிந்துகொண்டு சோறு வடித்தான், பாத்திரம் கழுவினான், அண்ணியின் தலையை வாரிப் பின்னிவிட்டான். அந்தப் பின்னல் ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டு நிற்கும். நேராகக் கோடு போட்டே பழகிய அண்ணி அதை அவிழ்க்காமல் அப்படியே விட்டிருந்தார். எனக்கு அதைப் பார்க்கத்தான் பயமாக இருந்தது.

அண்ணனோடு அவர் பேசவில்லை. "தம்பி, உங்கண்ணன்கிட்ட அடுப்பை நிறுத்தச் சொல்லுங்க" என்பார், அண்ணன் இரண்டடியில் நின்றுகொண்டிருக்கும்போது. கட்டுப் பிரித்த பிறகும் மிஷின் பக்கம் போகவில்லை. வெட்டாத துணிகளை எல்லாம் திருப்பிக் கொடுத்து அனுப்பினார். கை வலிக்கிறது போல என்று எல்லோரும் நினைத்தார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

ஒருநாள் சந்துக்குள் வேனைத் திருப்ப முடியாமல், ஜன்னலில் நின்றிருந்த அண்ணியைக் கூப்பிட்டேன். "அண்ணி, கொஞ்சம் பாருங்க. எந்தப் பக்கம் இடிக்குது?"

அண்ணி வாயைத் திறந்தார். என்னைப் பார்த்தார், வேனைப் பார்த்தார். பிறகு ஜன்னலை விட்டு உள்ளே போய்விட்டார். இடது வலது சொல்ல வாய் வரவில்லை அவருக்கு. இவருக்குத் தெரியும், எல்லாம் தெரியும் என்று அப்போதுதான் உறைத்தது. அண்ணனிடம் சொல்லலாம் என்று போனேன். அவன் முகத்தைப் பார்த்ததும் சொல்ல மனம் வரவில்லை.

அடுத்த அறுப்பு நடந்து, புல் வயலில் காய்ந்துகொண்டிருந்தபோது அண்ணன் பழைய இரும்பு எடுப்பவரை வரச்சொல்லிவிட்டான். கொட்டகைக்குள் திரும்பத் தள்ளி வைத்திருந்த வாரி கண்ணெதிரே நிற்கக்கூடாது என்று அண்ணனின் மாமியார் தினமும் பிடுங்கியெடுத்தார். அவனுக்கும் அதைப் பார்த்தால் சாப்பாடு இறங்கவில்லை. இரும்புக்காரர் வண்டியோடு வந்து வாரியைச் சுற்றிச் சுற்றி வந்தார். "வெட்டவே வேணாங்க. பல்லெல்லாம் புதுசாட்டம் இருக்கு. அப்படியே எவனாவது வாங்கிப்பான்" என்றார்.

"அப்படியே குடுக்கக் கூடாது."

அண்ணி வாசலில் நின்றிருந்தார். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. நேராக அண்ணனைப் பார்த்து, அத்தனை நாளுக்கு அப்புறம் முதல் தடவையாகப் பேசினார்.

"சக்கரம் மாறி இருக்கு. இப்படியே போனா இன்னொருத்தி கையும் போகும். மாத்திட்டுக் குடுங்க."

"இவன் பண்ணின வேலைக்கு..." என்று மாமியார் ஆரம்பித்தார்.

"அம்மா, கொஞ்சம் சும்மா இரு. சிவப்புத் துணி கட்டினது நான். இடதுன்னு சொன்னது நான். நான் சொன்னபடி அவர் இடதுலதான் மாட்டினார்."

அண்ணனுக்கு முகத்தில் ரத்தமே இல்லை. "இல்ல, நான்தான் வலதுல..." என்று இழுத்தான்.

"பொய் சொல்லாதீங்க. உங்களுக்கு அது வராது. கூடை சுத்தின அந்த நிமிஷமே எனக்குத் தெரியும், என்ன தப்பு நடந்துச்சு, யார் தப்புன்னு. வேன்ல உங்களக் கேட்டது தெரியாமக் கேக்கல. நீதான்டி மாத்திச் சொன்னேன்னு என்னப் பாத்து ஒரு தடவ கத்துவீங்கன்னு கேட்டேன்." குரல் உடைந்தது, ஆனால் நிறுத்தவில்லை. "எத்தனையோ சட்டை தச்சிருக்கேன், ஒரு கையை மாத்தி வச்சதில்ல. தப்பே பண்ணாதவளுக்கு ஒரு தப்பு வந்துச்சு, என் கையே போச்சு. அந்தத் தப்பையாவது என்கிட்ட விட்டு வைக்கலாம்ல? அதையும் எடுத்து நீங்க வச்சுக்கிட்டீங்க. இத்தனை நாளா ஊரே உங்களத் திட்டுது, அந்தத் திட்டெல்லாம் எனக்குச் சேர வேண்டியது. அதைக் கேட்டுக்கிட்டு நான் எப்படிங்க கத்தரிக்கோலை எடுக்கறது?"

அப்புறம் நடந்ததை நான் எதிர்பார்க்கவே இல்லை. குரலை உயர்த்தியே அறியாத என் அண்ணன் கத்தினான்.

"ஆமாண்டி! நீதான் சொன்ன! எது முன்னாடி எது பின்னாடின்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல நீ? நானாவது கேட்டேனா? சக்கரத்துக்குள்ள குனிஞ்சு பாத்தேனா? அந்தப் பிடியைச் சரி பண்ணேனா? சுத்தாதுன்னு பெரிய இவனாட்டம் சொன்னது யாரு? ரெண்டு பேரும் சேந்துதான் உன் கையைக் குடுத்தோம்!"

கத்தி முடித்து, அப்படியே வாரியின் தண்டில் உட்கார்ந்து குழந்தை மாதிரி அழுதான். அண்ணியும் அழுதார். ஆஸ்பத்திரியில் அழாத அழுகை எல்லாம் அன்றுதான் வந்தது. மாமியார் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, யாரைத் திட்டுவதென்று தெரியாமல் என்னைத் திட்டினார். "நீயும் கூடவேதானே இருந்த? வாயில என்ன கொழுக்கட்டையா?"

இரும்புக்காரர்தான் பாவம், தலையைச் சொறிந்தார். "அப்ப எடுக்கணுமா, வேணாமா?"

"வேணாம். வயல்ல புல்லு காய்ஞ்சுபோய்க் கிடக்கு" என்றார் அண்ணி, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு. "முதல்ல அந்தப் பிடியைச் சரி பண்ணுங்க. அது அசையற வரைக்கும் யாரும் இதுல கை வைக்கக் கூடாது."

அன்றைக்கெல்லாம் அண்ணன் அந்தப் பிடியோடு மல்லுக்கட்டினான். தட்டி, காய்ச்சி, எண்ணெய் விட்டு, கடைசியில் அது அசைந்தது. அந்தப் பிடியால் கூடை சுற்றாதபடி செய்துவிட்டு, நான் ஜாக்கி கொடுத்தேன். இரண்டு சக்கரங்களையும் கழற்றினோம். சுத்தமாகத் துடைக்க வேண்டும் என்று இரண்டையும் முற்றத்துக்கு உருட்டிப்போய்க் கழுவினான். அழுக்கேறியிருந்த சிவப்புத் துணியை நானே அவிழ்த்தெறிந்தேன், அதைப் பார்க்கவே எனக்கு ஆகவில்லை. கழுவித் திரும்ப உருட்டிக்கொண்டு வந்தால் இரண்டும் ஒன்றுபோல் இருந்தன. உள்ளே நாக்கைப் பார்த்தால் எது எந்தப் பக்கம் என்று நிமிஷத்தில் தெரிந்துவிடும்.

அண்ணன் பார்க்கவில்லை. ஒன்றை நிமிர்த்தி நிறுத்தி, அதன்மேல் கையை வைத்துக்கொண்டு அண்ணியைப் பார்த்தான்.

"இது எந்தப் பக்கம்?"

அடப் பாவி, இவனுக்குப் பைத்தியமா, கேட்கிற கேள்வியா இது என்று பதறினேன். அண்ணியின் முகம் வெளுத்தது. தலையை ஆட்டி, வேண்டாம் என்றார். அண்ணன் சக்கரத்தைப் பிடித்தபடி நின்றுகொண்டே இருந்தான்.

அண்ணி மெதுவாக வந்தார். சக்கரத்தின் குடத்துக்குள் தன் இடது கை விரலை விட்டு நாக்கைத் தடவிப் பார்த்தார். பிறகு வாரியைச் சுற்றிக்கொண்டு சுவர்ப்பக்கம் போய், முன்தண்டின் அருகே, டிராக்டரில் உட்காருகிறவன் பார்க்கிற திசையைப் பார்த்து நின்றார். வெகுநேரம் நின்றார். உதடு அசைந்தது.

"வலது" என்றார் கடைசியில். "இங்கேருந்து வலது."

அண்ணன் சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு போய் வலது பக்கம் அச்சில் மாட்டி, நட்டை முடுக்க ஆரம்பித்தான். எனக்கு மனசு கேட்கவில்லை. ஜாக்கியை விட்டுவிட்டுக் குனிந்து, குடத்துக்குள் நாக்கு எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று பார்க்கப் போனேன். அண்ணன் என் கையைப் பட்டென்று தட்டிவிட்டான்.

"அவ சொல்லியாச்சுல்ல" என்றான்.

அண்ணி பார்த்துக்கொண்டிருந்தார். நான் கையை எடுத்துக்கொண்டு, அடுத்த சக்கரத்தை உருட்டிவரப் போனேன்.